சீமைக்குப் போகும் நாய்க்கு எத்தனை சோதனை!

ஆஸ்திரேலியாவில் 2015-ம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு குட்டி நாய்களை நாட்டை விட்டு வெளியேற்றுவதற்கு ஒரு மந்திரியே கெடு வைத்தார்!

அந்த நாய்களின் பெயர் பிஸ்டல், பூ. இரண்டும் கைக்கு அடக்கமான சின்ன ஜாதி நாய்கள். அவற்றின் எஜமானர் சாதாரண ஆள் அல்ல. உலகப் புகழ் பெற்ற ஹாலிவுட் நடிகர் ஜானி டெப். படப்பிடிப்புக்காக அவர் ஆஸ்திரேலியாவில் தங்கி இருந்தார். அவருடைய அப்போதைய மனைவி நடிகை ஆம்பர் ஹேர்டும் உடன் இருந்தார்.

நாய்கள் தனி விமானத்தில் வந்து இறங்கின. ஆனால், நாய் கொண்டு வந்திருப்பதாக அதிகாரிகளிடம் சொல்லவே இல்லை.

ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? நாய்களை முடி வெட்டும் கடைக்குக் கொண்டு போனார்கள். கடைக்காரர்கள் பெருமையோடு படம் எடுத்து, பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். குட்டு உடைந்தது!

விவசாய மந்திரி பர்னபி ஜாய்ஸ் கொதித்து எழுந்தார். நாய்களை உடனே திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அவை கொல்லப்படும் என்று எச்சரித்தார். கெடு முடியும் முன் நாய்கள் விமானம் ஏறிவிட்டன.

விஷயம் அதோடு முடியவில்லை. 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்பர் ஹேர்ட் கோர்ட்டு படி ஏறினார். பயணிகள் வருகை அட்டையில் பொய்த் தகவல் எழுதியதை ஒப்புக்கொண்டார். ஒரு மாத நன்னடத்தை ஜாமீன் விதிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் மன்னிப்புக் கேட்டுப் பேசிய படமும் வெளியாயிற்று.

"இரண்டு நாய்க்குட்டிக்கு இவ்வளவு அமர்க்களமா?" என்று தோன்றலாம். அந்த அமர்க்களத்துக்குப் பின்னால் ஒரு பயங்கரம் இருக்கிறது. அதன் பெயர் வெறிநாய்க்கடி நோய்.

நோய் வந்தால் பிழைப்பு இல்லை

இந்த நோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கும். நோய் கண்ட நாய் கடித்தால், கிருமி காயத்தின் வழியே உள்ளே போகும். அங்கிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும்.

மூளைக்குப் போய்ச் சேர்ந்து, நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால், பிறகு பிழைப்பது ஏறத்தாழ இல்லை என்றே சொல்ல வேண்டும். தாகம் எடுக்கும், தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும். பார்க்கச் சகிக்காத சாவு அது.

உலகம் முழுவதிலும் ஆண்டு தோறும் ஏறத்தாழ 59 ஆயிரம் பேர் இந்த நோயால் மாள்வதாக மதிப்பிட்டு இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஏழை மக்கள். கடிபட்டவர்களில் குழந்தைகளும் பலர்.

ஆஸ்திரேலியாவில் நாய்களிடம் இந்த நோய் இல்லை. ஜப்பானிலும் இல்லை. 1957-ம் ஆண்டுக்குப் பிறகு ஜப்பான் நாட்டு நாய்களில் இது தோன்றவில்லை. இல்லாத நோயை ஒரு நாய் கொண்டு வந்துவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பயம்தான் இத்தனை சட்டத்துக்கும் காரணம்.

இங்கிலாந்து கற்ற பாடம்

இந்தப் பாடத்தைப் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு இங்கிலாந்து.

தெரு நாய்களைப் பிடித்தும், நாய்களுக்கு வாய்ப்பூட்டு போடச் சொல்லிச் சட்டம் போட்டும், 1902-ம் ஆண்டில் அந்த நாடு நோயை ஒழித்துக் கட்டியது.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள், தாங்கள் வளர்த்த நாய்களைத் திருட்டுத்தனமாகக் கொண்டு வந்தார்கள். பாசம் யாரை விட்டது? அந்தப் பாசத்தோடு நோயும் கப்பலேறி வந்தது. 1918-ம் ஆண்டில் நோய் மறுபடி தலை காட்டியது. அதை ஒழிக்க 1922 வரை ஆயிற்று.

அதன் பிறகு சட்டம் இரும்பாக இறுகியது. வெளிநாட்டில் இருந்து எந்த நாய் வந்தாலும், பூனை வந்தாலும், ஆறு மாதம் தனிக் காவலில் இருக்க வேண்டும். குவாரண்டைன் என்பது அதுதான். பணக்காரன் நாய், ஏழை நாய் என்ற வித்தியாசம் கிடையாது.

நடிகை எலிசபெத் டெய்லரைத் தெரியாதவர்கள் இல்லை. அவருக்கு நாய்கள் என்றால் உயிர். 1968-ம் ஆண்டு லண்டனில் தங்கியபோது, நாய்களைக் காவலில் விட அவருக்கு மனம் வரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? தேம்ஸ் நதியில் ஒரு உல்லாசக் கப்பலை வாடகைக்கு அமர்த்தி நிறுத்தினார். நாய்கள் கப்பலிலேயே வாழ்ந்தன. கரையில் கால் வைத்தால்தானே சட்டம்!

அடுத்த ஆண்டே இன்னொரு அதிர்ச்சி. ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு நாய், ஆறு மாதக் காவலை முடித்துக்கொண்டு, கேம்பர்லி என்னும் ஊருக்கு வீடு திரும்பியது. வந்த சில நாட்களில் அதற்கு வெறி பிடித்தது! காட்டுப் பிராணிகளுக்கும் நோய் பரவி இருக்குமோ என்று அஞ்சி, சுற்று வட்டாரத்தில் நரிகளைச் சுட்டுத் தள்ளினார்கள்.

காவலை மாற்றிய ஊசி

ஆறு மாதக் காவல் நாய்க்கும் துன்பம், எஜமானருக்கும் துன்பம். மாதக் கணக்கில் கூண்டு வாசம். வாடகையோ பெரிய தொகை. வயதான நாய்கள் சில, காவல் முடியும் முன்பே கண்ணை மூடிவிடும்.

ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் கவர்னர் கிரிஸ் பேட்டன். அவரிடம் விஸ்கி, சோடா என்று இரண்டு நாய்கள் இருந்தன. 1997-ல் பதவி முடிந்தபோது, நாய்களை இங்கிலாந்துக் காவலில் விட அவருக்கு மனம் இல்லை. பிரான்சு நாட்டில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. நாய்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. கவர்னருடைய நாய்க்கே இந்தக் கதி!

இதற்கு ஒரு வழி பிறந்தது. வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்ட நாயின் இரத்தத்தைச் சோதித்தால், ஊசி வேலை செய்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வேலை செய்திருந்தால் நாயை எதற்காக ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும்?

2000-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி இங்கிலாந்து கதவைத் திறந்தது. முதலில் மேற்கு ஐரோப்பிய நாடுகளின் நாய், பூனைகளுக்கு மட்டும் அந்தச் சலுகை. 2012-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் இருந்து இந்தியா போன்ற நாடுகளுக்கும் வழி பிறந்தது. விதிகளைச் சரியாக முடித்தால் காவல் இல்லை. விமான நிலையத்திலேயே சோதித்து, எஜமானரிடம் ஒப்படைத்துவிடுவார்கள்.

ஆனால், அந்த விதிகளை ஒன்றன் பின் ஒன்றாக, வரிசை தவறாமல் முடிக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்கி விழுகிறார்கள்.

முதலில் அடையாளம்

சென்னையில் ஒரு குடும்பம். வீட்டுக்காரருக்கு லண்டனில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகளோ நாயை விட்டு வர மாட்டோம் என்று அழுகிறார்கள். அந்தக் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, நாய்க்கு "மைக்ரோசிப்" வைப்பது. அரிசி மணி அளவுள்ள சின்னக் குப்பி அது. கால்நடை டாக்டர் அதை ஊசி மூலம் கழுத்துத் தோலுக்கு அடியில் செலுத்துவார். கருவியை அருகே கொண்டு போனால் 15 இலக்க எண் தெரியும். மனிதனுக்குப் பாஸ்போர்ட் எண் போல, நாய்க்கு அந்த எண். செத்தாலும் மாறாது.

அடுத்தது வெறிநோய்த் தடுப்பு ஊசி. குட்டிக்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதலில் சிப்; பிறகுதான் ஊசி. ஊசி போட்டுவிட்டுச் சிப் வைத்தால், அந்த ஊசி கணக்கில் சேராது. எந்த நாய்க்கு ஊசி போட்டார்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா? மறுபடியும் ஊசி போட்டு, மறுபடியும் நாளை எண்ண வேண்டியதுதான்.

இரத்தம் சொல்லும் சாட்சி

ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். அதை அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலைக்கு அனுப்புவார்கள். நோயை எதிர்க்கும் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருந்தால் "பாஸ்". குறைந்தால் "பெயில்". பெயிலானால் ஊசியில் இருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

பாஸ் ஆனதும் பெட்டி படுக்கையைக் கட்டிவிடலாமா? கூடாது. இரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

ஏன் காத்திருக்க வேண்டும்? ஊசி போடுவதற்கு முன்பே நாயின் உடம்பில் கிருமி புகுந்திருக்கலாம் அல்லவா? கிருமி மூளைக்கு ஏற வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். அப்படி ஏதாவது இருந்தால் அந்த மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். முன்பு அந்நிய நாட்டுக் கூண்டில் கழித்த காலத்தை, இப்போது நம் வீட்டுத் திண்ணையில் கழிக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் முதல் தேதி சிப்பும் ஊசியும். ஜூலை முதல் தேதி இரத்தம். அக்டோபர் பிறந்த பிறகே பயணம். ஆக, முழுதாக நான்கு மாதம்! குட்டி நாயாக இருந்தால், பிறந்து ஏழு மாதம் ஆகும் வரை லண்டன் மண்ணை மிதிக்க முடியாது.

விசா வந்த பிறகு நாயைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இந்த நான்கு மாதம் கிடைப்பதில்லை. கடைசி நேரத்தில் நாயை உறவினர் வீட்டில் தள்ளுகிறார்கள். அதுவும் முடியாதவர்கள் தெருவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். வீட்டுச் சோறு தின்ற நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. பூட்டிய கதவுக்கு முன்னால் அது படுத்துக் கிடக்கும்.

கடைசி பத்து நாள்

பயணத்துக்கு முந்திய நாட்களில் வேலை மும்முரம்.

நாயாக இருந்தால் நாடாப் புழுவுக்கு மருந்து கொடுக்க வேண்டும். டாக்டர் கையாலேயே கொடுத்து, நேரத்தையும் குறித்துத் தர வேண்டும். இங்கிலாந்தில் இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும், 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முந்தினாலும் தப்பு; பிந்தினாலும் தப்பு! பூனைக்கு இந்த விதி இல்லை.

பிறகு ஆரோக்கிய சர்டிபிகேட். அரசாங்கக் கால்நடை அதிகாரி நாயைப் பார்த்து, காகிதங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்காகவே மத்திய அரசாங்கத்தின் கால்நடை குவாரண்டைன் நிலையங்கள் இருக்கின்றன. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் அவற்றைக் காணலாம். சர்டிபிகேட் கொடுத்த 10 நாளைக்குள் நாய் இங்கிலாந்து போய்ச் சேர வேண்டும்.

சிப் எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும் ஆபத்து. காகிதம் சரியில்லை என்றால் நாயைத் திருப்பி அனுப்பலாம். அல்லது நான்கு மாதம் வரை காவலில் வைக்கலாம். செலவு முழுவதும் சொந்தக்காரர் தலையில்!

சில ஜாதி நாய்களுக்கு அங்கே இடமே இல்லை. பிட்புல், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, பிலா பிரசிலேரோ ஆகிய சண்டை நாய்களுக்கு 1991-ம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. பிறகு எக்ஸ்.எல். புல்லி என்ற ஜாதியும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஆகாயத்தில் ஒரு கூண்டு

இங்கிலாந்துக்குப் போகும் நாய், எஜமானர் மடியில் உட்கார்ந்து போக முடியாது. கண் தெரியாதவர்களுக்கு வழி காட்டும் நாய் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவை, சரக்கு ஏற்றும் பகுதியில் கூண்டுக்குள் போக வேண்டும். பயந்துவிட வேண்டாம். உயிருள்ள பிராணிகளை ஏற்றும் அறையில் காற்றும் வெப்பமும் அளவாக இருக்கும்.

கூண்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கவிழாமல் பொருத்தி இருக்க வேண்டும்.

புறப்படும் அன்று முதல் முறையாகக் கூண்டில் அடைத்தால் நாய் மிரண்டுவிடும். ஒரு மாதம் முன்பே கூண்டை வாங்கிக் கூடத்தில் வையுங்கள். அதற்குள் சோறு வையுங்கள். எஜமானருடைய பழைய வேட்டியையோ அம்மாவின் பழைய சேலையையோ விரித்துவிடுங்கள். தெரிந்த வாசனை இருந்தால் நாய் நிம்மதியாகத் தூங்கும்.

"தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பது உண்டு. கொடுக்கவே கூடாது! ஆகாயத்தில் மயக்க மருந்து நாயின் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் பாதிக்கும். மயங்கிய நாயை ஏற்ற மறுக்கும் விமானக் கம்பெனிகள் பல.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறல் வரும். அவற்றை ஏற்றவே பல கம்பெனிகள் சம்மதிப்பது இல்லை. டிக்கெட் வாங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிராணிகளுக்கென்றே ஒரு வரவேற்பு நிலையம் உண்டு. அங்கே சிப் எண்ணைப் பார்ப்பார்கள், காகிதத்தைப் பார்ப்பார்கள். எல்லாம் சரி என்றால், வாலை ஆட்டிக்கொண்டு நாய் வெளியே வரும்!

நாட்டுக்கு ஒரு சட்டம்

எல்லா நாட்டிலும் சட்டம் ஒன்று போல் இல்லை.

ஜப்பான் இரண்டு தடுப்பு ஊசி கேட்கும். இரத்தம் எடுத்த பிறகு 180 நாள் காத்திருக்கச் சொல்லும். வருவதற்கு 40 நாள் முன்பே தகவல் கொடுக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா இன்னும் கடுமை. இந்தியாவில் இருந்து நேராக நாயை இறக்க அனுமதி இல்லை. அனுமதி பெற்ற வேறொரு நாட்டுக்கு முதலில் கொண்டு போய், அங்கிருந்து விதிகளை முடித்துக் கொண்டு போக வேண்டும். போன பிறகும், மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாம் என்னும் இடத்தில் குறைந்தது 10 நாள் காவல்.

அமெரிக்கா 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் விதியை இறுக்கிவிட்டது. ஆறு மாதம் நிரம்பாத நாய்க்கு அங்கே அனுமதி இல்லை. சிப் கட்டாயம். இந்தியாவைப் போல வெறிநோய் உள்ள நாடுகளில் இருந்து வரும் நாய்களுக்குக் கூடுதல் காகிதங்களும் வேண்டும்.

திரும்பி வரும்போது நம் நாட்டுக்குள் நுழையவும் அதிகாரிகளின் அனுமதிக் கடிதம் முன்கூட்டியே வாங்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும். புறப்படும் முன், போகும் நாட்டின் அரசாங்க விதிகளை ஒரு முறை பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

கடல் தாண்டாத நாய்க்கும்...

"எங்கள் நாய் தெருக்கோடியைக்கூடத் தாண்டாது. எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்கலாம். உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

பிரான்சு நாட்டு மேதை லூயி பாஸ்டர், 1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன் முதலாக வெறிநாய்க்கடி ஊசி போட்டார். பையன் பிழைத்தான். அந்த நாளில் இருந்து மனிதனுக்கு விடிவு பிறந்தது.

தென்னாட்டு மக்களுக்கு அந்த ஊசி அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. ஒரு காலத்தில், கடிபட்டவர்கள் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலிக்கு ரயிலேற வேண்டி இருந்தது. வழியிலேயே காலம் கடந்துவிடும். 1907-ம் ஆண்டு நீலகிரியில் உள்ள குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிய பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

இன்று அந்த ஊசிக்காகக் கசௌலிக்கும் போக வேண்டாம். குன்னூருக்கும் போக வேண்டாம். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே போடுகிறார்கள்.

நாய் கடித்தால் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் வைக்காதீர்கள். மந்திரிக்கப் போகாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் சொன்ன நாட்களில், ஒன்றுகூட விடாமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். "சின்னக் கீறல்தானே" என்று குழந்தை மறைத்தாலும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீட்டு நாய்க்கு ஆண்டு தோறும் தடுப்பு ஊசி போட்டுவிடுங்கள். ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாயைக் கடல் தாண்டவிட்ட அதே ஊசிதான், உங்கள் தெருவில் விளையாடும் குழந்தையையும் காப்பாற்றுகிறது.

லண்டன் போகும் நாய்க்கு ஊசி போடுவது சட்டத்துக்காக. நம் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஊசி போடுவது நம் பிள்ளைகளுக்காக!